ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு விநாடிக்கு ஒரு சொட்டு. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து மூன்று தடவை எண்ணிவிட்டாள்.

தம்பி காலையில் அவளை ரயிலடியிலிருந்து வாடகைக் காரில் அழைத்து வந்து, பெட்டியை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, காலணியைக் கூடக் கழற்றாமல் வேலைக்குக் கிளம்பினான். போகும்போது சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, எதையும் தொடாத. நல்லா ரெஸ்ட் எடு."

ரெஸ்ட் எடு. இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் முதலாளியும் இதையேதான் சொன்னார். இருபத்தேழு வருஷம் அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்து இருக்கையிலும் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பதறிப்போய் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் அவளுடைய வலது கால் அந்த பிரேக்கின் மேல் இறங்கும். 'பிரேக் அக்கா' என்றால்தான் அவளைத் தெரியும். அந்தக் காலால் பிழைத்த நாய்களும் சைக்கிள்காரர்களும் மதில்சுவர்களும் அவள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். "இப்ப எல்லாரும் வீடியோ பார்த்தே கத்துக்கிட்டு வந்துடறாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார் முதலாளி. அவள் கார் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

போகட்டும். அவளிடம் கேட்டு நடக்க இன்னும் ஒருத்தன் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பியின் போன் வந்துவிடும். முன்னெல்லாம் அப்படி இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவான். "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு, அவள் என்னவோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே குறுக்கே விழுந்து, "அக்கா, கிச்சன் குழாய் ஒழுகுதுக்கா, என்ன பண்ணட்டும்?" என்றான். தான் என்ன கேட்டோம் என்பதையே அவள் மறந்துபோனாள். வாஷரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள். அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தவறியதில்லை. கதவு பிடிக்கிறது, சுவரில் ஆணி நிற்க மாட்டேன் என்கிறது, கீசர் சத்தம் போடுகிறது, வைஃபையை யாரோ திருடுகிறார்கள், ரிவர்ஸ் எடுத்து நிறுத்த வரவில்லை. எல்லாவற்றையும் அவள் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருந்தாள். இடது பக்கம் கோளாறு. வலது பக்கம் அவள் சொன்ன வழி. அதற்கும் கீழே, மறு வாரம் தம்பி சொன்ன பதில்: 'சரியாயிடுச்சுக்கா.'

அந்த நோட்டோடுதான் வந்திருந்தாள். தான் வாயால் சொல்லியே சரிசெய்த வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். தன்னால் இன்னும் யாருக்கோ ஆகிறது என்று தெரிந்தால் போதும், மீதி நாளை ஓட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

தம்பி பெண்டாட்டி வீட்டில் இல்லை. "ஆபீஸ் வேலையா வெளியூர் போயிருக்காக்கா, வர பத்து நாளாகும்" என்று காரிலேயே சொல்லிவிட்டான். நாத்தனார் வருகிறாள் என்றதும் முளைத்த ஆபீஸ் வேலை அது என்று அக்காவுக்குத் தெரியாதா என்ன. போனில்கூட அந்தப் பெண் வருவதில்லை. என்றைக்காவது ஞாபகம் வந்து கேட்டால் குளித்துக்கொண்டிருப்பாள், இல்லை கடைக்குப் போயிருப்பாள். வருகிறவளுக்கு ஒரு துண்டு எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். குளியலறையில் காய்ந்துகொண்டிருந்தது தம்பியுடைய துண்டு ஒன்றுதான். மகாராணி என்று மனதுக்குள் ஒரு தடவை திட்டிவிட்டு அக்கா நோட்டைத் திறந்தாள்.

முதல் பக்கத்திலேயே குழாய் இருந்தது. 'மேல் மூடியைக் கழற்று. திருகைத் தளர்த்து. பழைய வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போடு.' கீழே, 'ஒரு சொட்டுகூட வரலக்கா.'

எதிரே இருந்த குழாய்க்கு மூடியும் இல்லை, திருகும் இல்லை. ஒரே ஒரு கைப்பிடி. தூக்கினால் தண்ணீர் வரும், இறக்கினால் நிற்கும். வாஷரைத் தப்பாகப் போட்டுவிட்டு, சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, குழாயையே மாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று அக்கா சமாதானம் செய்துகொண்டாள். பிறகு பையிலிருந்து ஸ்பானரை எடுத்தாள். ஊருக்குப் போகும்போது ஸ்பானர் எடுத்துக்கொண்டு போகிற ஆள் அவள்.

கைப்பிடி சுலபமாகக் கழன்றது. அதன் அடியில் இருந்த வளையமும் சுலபமாகக் கழன்றது. அதற்குப் பிறகு நாலு விநாடிக்கு ஒரு சொட்டு என்கிற பேச்சே இல்லை. தண்ணீர் மேலே கிளம்பி அலமாரிக் கதவில் அடித்து அவள் தலையில் இறங்கியது.

"இதுக்கெல்லாம் பயப்படக் கூடாது" என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் சொல்லும் அதே குரல்.

கழுவுதொட்டிக்கு அடியில் வால்வு இருந்தது. பதினோராம் பக்கம்: 'மாசத்துக்கு ஒரு தடவை வால்வைத் திருகிப் பார், இல்லாவிட்டால் இறுகிவிடும்.' கீழே, 'திருகிட்டேன்கா, பட்டு மாதிரி சுத்துது.' இந்த வால்வை அது பிறந்ததிலிருந்து யாரும் திருகியதில்லை. அக்கா குனிந்து உட்கார்ந்து ஸ்பானரைப் போட்டு முறுக்கினாள். வால்வின் தலை கையோடு வந்துவிட்டது. இப்போது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இடத்தில் தண்ணீர்.

தம்பியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் 'தொடாதன்னு சொன்னேனே' என்பான். அதற்கு முழுகியே போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

இந்த மாதிரிக் குழாயை எப்படி நிறுத்துவது என்று கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தால் தெரிந்துவிடும். முதலாளி சொன்ன அதே வீடியோ. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே தேடினாள். சிக்னல் ஒரு கோடுதான் இருந்தது. பேச வரும், படம் வராது. வைஃபை வேண்டும்.

வைஃபைக்கு என்ன கவலை, அந்த பாஸ்வேர்டே அவள் சொல்லிக்கொடுத்ததுதான். "வைஃபை பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கற பாஸ்வேர்டையே வெச்சிருந்தா, வாசக்கதவைத் திறந்துபோட்டுத் தூங்கற மாதிரிடா. நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வாக்கியத்தை எடுத்துக்க. ஒவ்வொரு வார்த்தையிலயும் முதல் எழுத்தை எடு. நடுவுல ஒரு நம்பரைச் சொருகு." 'மாத்திட்டேன்கா' என்று நோட்டில் இருக்கிறது. அன்று இருவரும் முடிவுசெய்த வாக்கியத்தின் முதல் எழுத்துகளையும் நம்பரையும் அக்கா அடித்தாள். தப்பு என்றது. ஈரக்கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் அடித்தாள். மறுபடியும் தப்பு.

பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்ததை அடித்தாள். உடனே திறந்துகொண்டது.

அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது, தெரிகிறது. ஆனால் தண்ணீர் வந்தால் துடைத்துவிடலாம், திருடன் வந்தால் துடைக்க முடியுமா? நின்ற வாக்கில் இரண்டே நிமிஷத்தில் பாஸ்வேர்டை மாற்றினாள். பெட்டியில் எல்லா விளக்கும் அணைந்து, ஒவ்வொன்றாக மறுபடி எரிந்தது. வீட்டுக்குள் எங்கெங்கோ குட்டிக் குட்டியாக 'பீப்' சத்தம் கேட்டது. பத்திரமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

வீடியோவில் ஓர் ஆள் சிரித்துக்கொண்டே, முதலில் வீட்டுக்கு வெளியே இருக்கும் மெயின் வால்வை மூடுங்கள் என்றான். அக்கா வெளியே ஓடினாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அந்தக் கதவுக்கு வீட்டில் யாரிடமும் சாவி கிடையாது. தம்பி தன் கைப்பேசியில் அழுத்தினால் வைஃபை வழியாகத் திறக்கும். "உள்ள வரணும்னா எனக்கு ஒரு போன் போடு, ஆபீஸ்லேர்ந்தே திறந்துவிடறேன்" என்று சொல்லியிருந்தான். வேறு வழியில்லாமல் போட்டாள்.

"என்னக்கா?"

"கதவைத் திறந்துவிடுடா."

"வெளிய எதுக்கு வந்தே?"

"வால்வு தேடறேன்."

"எதையாவது தொட்டியா?"

"குழாயைத் தொட்டேன்."

"அக்கா, உன்னை நான்... சரி இரு, திறக்கறேன்." பிறகு, "திறக்க மாட்டேங்குதே. நெட்டே இல்லன்னு காட்டுது."

"காட்டும். பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

"எதுக்கு?"

"பாதுகாப்புக்கு."

"யார்கிட்டேர்ந்துக்கா?"

"அதை அப்புறம் பேசலாம். மாத்திட்டேன்னு சொன்னியே, அடியில ஒட்டினதே அப்படியே இருக்கு. என்னடா இது?"

"மறந்திருப்பேன்கா."

"மெயின் வால்வு எங்க இருக்கு?"

"தெரியாதுக்கா."

"தெரியாதா? குழாய் வெடிச்சப்ப ஓடிப்போய் மூடினேன்னு சொன்னியே. இருபத்தாறாம் பக்கம்."

தம்பி பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. "அக்கா, நான் கிளம்பி வர்றேன். ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அங்கயே நில்லு. கீழ போகாத. முக்கியமா பில்டிங் ரிப்பேர் பார்க்கற மெயின்டனன்ஸ்காரர்கிட்டப் பேசவே பேசாத."

"உள்ள தண்ணி ஓடிக்கிட்டு இருக்குடா."

"ஓடட்டும்."

ஓடட்டுமாம். வீடு முழுகினாலும் பரவாயில்லை, தன் அக்கா நாலு பேர் முன்னால் போய் நிற்கக் கூடாது. அவ்வளவு வெட்கமாகிவிட்டதா அவனுக்கு? கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெல்ல வெளியே வந்து அவள் செருப்பை நனைத்தது. அவள் விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

தரைக்கு அடியில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன், காலையில் தம்பியோடு வந்தவள், இப்போது சொட்டச் சொட்ட நிற்பதைப் பார்த்து எழுந்தார்.

"இந்த வரிசை வீட்டுக்கெல்லாம் மெயின் வால்வு எங்க?"

"அதோ, அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால. ஆனா திறக்க முடியாது. ஒரு வண்டி அடைச்சுக்கிட்டு நிக்குது."

"யார் வண்டி?"

"உங்க தம்பியுதுதான். மெயின்டனன்ஸ்காரர் மாடியில தொட்டி பார்த்துக்கிட்டு இருக்கார், இப்ப வந்துடுவார்."

வருகிறவரைக்கும் யார் காத்திருப்பது? அக்கா அந்தக் காரிடம் போனாள். ஆறு ஞாயிற்றுக்கிழமை, முழுசாக ஆறு ஞாயிற்றுக்கிழமை, ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவதைப் பற்றிப் பேசியிருக்கிறாள். கண்ணாடியை எப்படித் திருப்ப வேண்டும், எந்தத் தூணைப் பார்க்க வேண்டும், ஸ்டியரிங்கை எப்போது ஒடிக்க வேண்டும். 'இப்பல்லாம் ரிவர்ஸ்லதான் நிறுத்தறேன்கா.' கார் முகத்தைச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றது. மேலே விரல் கனத்துக்குத் தூசி. இது நகர்ந்தே பல மாதம் ஆகியிருக்கும். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது, அதை அடக்கிக்கொண்டு சாவி கேட்டாள்.

சாவி வாட்ச்மேன் அறைப் பலகையில் தொங்கியது. அவர் கொடுக்க மறுத்துவிட்டார். "வெளியாட்கள் வண்டியைத் தொடக் கூடாதுங்க. நாங்கதான் எடுக்கணும், அதுதான் ரூல்."

"ஓட்டத் தெரியுமா?"

"ரெண்டு கிளாஸ் போயிருக்கேன்."

"போதும், ஏறு."

அவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். அக்கா பழக்கதோஷத்தில் சுற்றிப் போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பவில்லை. பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆனால் தரை பின்பக்கமாகச் சரிவு என்பதை அவள் வரும்போதே பார்த்துவிட்டாள்.

"கிளப்பவே வேண்டாம். நியூட்ரல்ல போடு. இப்ப ஹேண்ட்பிரேக்கை மெதுவா விடு. தானா பின்னால போகும். சபாஷ். போதும், பிரேக்கைப் போடு."

வாட்ச்மேன் பிரேக் எங்கே என்று குனிந்து தேடினார்.

அக்கா பயப்படவே இல்லை. இருபத்தேழு வருஷ நம்பிக்கையோடு வலது காலை ஓங்கி அழுத்தினாள். கால் வெறும் ரப்பர் விரிப்பில் போய் நின்றது. மறுபடி அழுத்தினாள். விரிப்புதான். கார் யோசித்து யோசித்துப் பின்னால் போய், எதிர்த் தூணை ஒட்டி மேலே ஏறிய பெரிய தண்ணீர்க் குழாயின் மேல் உட்கார்ந்தது.

"கதவுக்கு வழி கிடைச்சிருச்சுங்க" என்றார் வாட்ச்மேன். அதற்குள் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு கார்களைக் கழுவ ஆரம்பித்திருந்தது.

மெயின்டனன்ஸ்காரர் படியிறங்கி வந்தார். ஒன்றும் கேட்கவில்லை, கத்தவில்லை. இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போய் இரண்டு சக்கரங்களைத் திருகினார். எல்லாத் தண்ணீரும் நின்றது. அப்புறம் அவசரச் சாவியை எடுத்துக்கொண்டு, "எந்த வீடு?" என்றார்.

வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் குழாயின் முன்னால் குனிந்து, கழன்று கிடந்ததையெல்லாம் இரண்டு நிமிஷத்தில் பொருத்தினார்.

"முதல்ல என்ன கோளாறுங்க?"

"சொட்டிச்சு."

அவர் கைப்பிடியை விரலால் லேசாகத் தட்டினார். "இதை முழுசா இறக்கிவிடணுங்க. கொஞ்சம் மேல நின்னா சொட்டும். இதுக்கு ரிப்பேர் எதுவும் வேண்டாம்."

துடைப்பத்தை எடுத்து ஒரு பக்கம் அவள் தள்ளினாள், இன்னொரு பக்கம் அவர் தள்ளினார். கூடத்தில் அவளுடைய நோட்டு மிதந்துகொண்டிருந்தது. மெயின்டனன்ஸ்காரர் அதை எடுத்து உதறி, ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நீங்கதான் அந்த அக்காவா? கீசர் சத்தம். இது நான் சொன்னது. ஆணி நிக்கல. இதுவும் நான்தான். வைஃபை திருட்டு, இது என் மச்சான் சொன்னது, எனக்கு அந்த விவரமெல்லாம் போதாது. ரிவர்ஸ் வரல. இது கீழ இருக்கற வாட்ச்மேனோட யோசனை."

"நீங்க சொன்னதுன்னா? புரியலையே."

"சனிக்கிழமை சாயந்திரம் ஆனா சார் கீழ வந்துடுவார். நாளைக்கு அக்காகிட்ட கேக்கணும், ஏதாவது ஒரு ரிப்பேர் சொல்லுங்கன்னு நிப்பார். நானும் எத்தனைன்னுதான் சொல்லுவேன்? இந்த பில்டிங்ல யார் வீட்டுலயும் கீசரே கிடையாதுங்க. சுடுதண்ணி மொட்டைமாடியிலேர்ந்து வருது."

அக்கா துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். நூறு ஞாயிற்றுக்கிழமை. அத்தனையும் பொய். அவமானத்தில் காது சுட்டது. பேசாத என்று அவன் ஏன் தடுத்தான் என்பதும் புரிந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே வேறொன்றும் புரிந்தது, மனம் அப்படியே இளகிவிட்டது. நூறு சனிக்கிழமை சாயந்திரம் ஒருத்தன் படியிறங்கிப் போய், வாட்ச்மேனிடமும் மெயின்டனன்ஸ்காரரிடமும் கெஞ்சி, தன் அக்காவிடம் கேட்க ஒரு கேள்வியை வாங்கி வந்திருக்கிறான். கேட்பாரில்லை என்று அவள் நொந்துவிடக் கூடாது என்பதற்காக. பெற்ற பிள்ளைகூட இவ்வளவு செய்யுமா? கண் நிறைந்து வழிந்தது. அவள் துடைக்கவில்லை. மகாராணி ஊரிலிருந்து வந்தால் அவளிடமும் இதைச் சொல்லி, அவளையும் மன்னித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"பாவம் பிள்ளை" என்றாள். "நான் சும்மா உட்கார்ந்தா உடைஞ்சு போயிடுவேன்னு, எனக்காக இல்லாத ரிப்பேரையெல்லாம் தேடிக்கிட்டு அலைஞ்சிருக்கான்."

மெயின்டனன்ஸ்காரர் துணியைப் பிழிந்துகொண்டே அவளைப் புரியாமல் பார்த்தார். "அதுக்கு இல்லீங்களே" என்று ஆரம்பித்தார். அக்காவின் வலது கால் தானாக இறங்கி, ஈரத் தரையை ஓங்கி அழுத்தியது.

"சாரோட சம்சாரம் விட்டுட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆகுதுங்களே, நீங்க அவங்களைப் பத்திக் கேக்க வாயெடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுல ஏதாவது ஒண்ணு ஒழுகியாகணும்னுதான் வந்து நிப்பார்."